தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி: கட்டையைக் கழற்றி மெருகேற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரு அல்சூர். அப்பா ஆசாரி. உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுக் கடை ஒன்றில் 24 வருஷமாக மரவேலை என் பொறுப்பு, இரும்பு வேலை எங்கள் மேஸ்திரியுடையது. மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார்கள், ஏற்காடு, வால்பாறை, குடகுப் பக்கத்து எஸ்டேட்காரர்கள், தாத்தாவின் துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட ஐ.டி. பிள்ளைகள் என்று வருபவர்களில் பாதிப்பேர் தமிழில்தான் பேசுவார்கள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிவைத்திருக்கிறேன்.

இங்கே பேசுவது குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் 12 போர் துப்பாக்கி. லைசென்ஸில் டி.பி.பி.எல். (பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக்குழல்) என்று எழுதியிருக்கும். தோளில் வைக்கும் மரம் 'கட்டை', குழலுக்கு அடியில் இருப்பது 'முன்கட்டை', நடுவில் உள்ள இரும்புப் பெட்டி 'ஆக்‌ஷன்'.

"லைசென்ஸ் என் பேர்லதான் இருக்கு சார். வீட்டுலயே கழட்டி பாலிஷ் போட்டுக்கலாம்ல?"

முன்கட்டையை எடுத்து, குழலைப் பிரித்துத் துடைத்து வைப்பது எல்லோரும் வீட்டில் செய்வதுதான். அதற்கு மேல் திருப்புளி எடுக்க வேண்டிய இடம் வந்தால் கடைக்கு வாருங்கள். 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில், துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் தனி உரிமம் வேண்டிய வேலைகளில் ஒன்றாக இருக்கிறது. நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: லைசென்ஸ் புத்தகத்தோடு துப்பாக்கியைக் கொண்டுவந்து, உங்கள் கண்முன்னாலேயே மேஸ்திரி கட்டையைக் கழற்றட்டும். இரும்புப் பாகத்தைக் கடையிலேயே விட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாக மெருகேற்றுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'வெறும் மரம்தானே' என்று பக்கத்துத் தெரு ஃபர்னிச்சர் கடையில் கட்டையை விட்டுவிட்டு வராதீர்கள். சட்டம் 'ஆயுதம்' என்று சொல்வதற்குள் அதன் பாகங்களும் அடக்கம்.

"தாத்தா தவறிட்டார். துப்பாக்கி பீரோவுல இருக்கு. பாலிஷ் போட்டுட்டு அப்புறமா பேர் மாத்திக்கலாமா?"

கூடாது. லைசென்ஸ்தாரர் இறந்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டும். பெங்களூரு நகருக்குள் போலீஸ் கமிஷனர் அலுவலகம், மாவட்டம் என்றால் கலெக்டர் அலுவலகம். உங்களிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள்: 2019ஆம் வருஷத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது 2 துப்பாக்கிகள்தான். மெருகெல்லாம் காகிதம் சரியான பிறகு.

"கழட்டாம அப்படியே மேலாப்புல தேய்ச்சா போதாதா?"

பல துப்பாக்கிகளுக்குப் போதும். கறுத்துப்போச்சு என்று வருகிற கட்டைகளில் பெரும்பாலானவற்றில் மெருகு கெட்டிருக்காது. 50, 60 வருஷத்துக் கை அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருக்கும், அவ்வளவுதான். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, கைப்பிடிக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகி, அடியில் மரத்தின் ரேகை தெளிவாகத் தெரிந்தால் மொத்தக் கட்டையையும் அப்படியே துடைத்து, ஒரே ஒரு பூச்சு எண்ணெய் தடவினால் வேலை முடிந்தது.

ஆக்‌ஷனை ஒட்டிய மரம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தாலோ, மெருகு செதில் செதிலாக உரிந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ கழற்றாமல் முடியாது.

"பழைய மெருகு என்னதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மறைவான இடத்தில் மெருகுக்கடை ஸ்பிரிட்டை ஒரு சொட்டு விட்டு அரை நிமிஷம் பொறுங்கள். பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டிலேயே முழுவதும் கரைந்து வந்துவிடும். ஒன்றுமே ஆகவில்லை, மேலே கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறது என்றால் யாரோ பின்னாளில் வார்னிஷ் அடித்திருக்கிறார்கள், அதற்குப் பெயின்ட் ரிமூவர் வேண்டும். படலமே இல்லாமல் மரத்துக்குள் இருந்து மெல்லிய ஒளி வந்தால் எண்ணெய் மெருகு. பழைய இங்கிலீஷ் துப்பாக்கி பெரும்பாலும் அதுதான். அதை உரிக்கவே வேண்டாம்.

"என்னோடது பாக்ஸ்லாக்கா சைட்லாக்கா? எப்படித் தெரியும்?"

ஆக்‌ஷனுக்குப் பின்னால், மரத்துக்குள் பதித்த மாதிரி இரண்டு பக்கமும் நீளமான இரும்புத் தகடு இருந்தால் சைட்லாக். குதிரையும் (வெடிக்கும்போது விழுந்து அடிக்கும் சுத்தி) ஸ்பிரிங்கும் அந்தத் தகட்டின் உள்பக்கத்தில் இருக்கும். தகடு இல்லாமல் எல்லாம் இரும்புப் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பாக்ஸ்லாக். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆன்சன், டீலி என்ற இரண்டு பேர் 1875இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு. நம் பக்கம் வருவதில் அதிகம் இந்த வகைதான். சில பாக்ஸ்லாக்கில் அழகுக்காகப் பக்கத் தகடு பொருத்தியிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"கழட்டுற வரிசையைக் கொஞ்சம் சொல்லுங்கண்ணா, மேஸ்திரி செய்யும்போது புரியணும்."

முதலில் குழல் இரண்டும் காலி என்று கண்ணால் பார்த்து, விரல் விட்டும் பார்க்க வேண்டும். தோட்டா இருக்கிற அறையில் இந்த வேலையே கூடாது. அடுத்து ஸ்நாப் கேப், அதாவது மருந்தில்லாத போலித் தோட்டா இரண்டைப் போட்டு மூடி, விசை (ட்ரிகர்) இரண்டையும் இழுத்து ஸ்பிரிங்கைத் தளர்த்துவோம். குழலைத் திறக்காமலே முன்கட்டையை எடுத்துவிட்டுப் பிறகு திறந்தால், ஆன்சன் டீலி அமைப்பில் குதிரை திரும்ப ஏறாது. ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் கட்டையைக் கழற்றினால் கை பட்டுக் குதிரை விழும், தோட்டாவைக் குத்தும் ஸ்ட்ரைக்கர் முனை உடையும். முன்கட்டை நுனியில் அழுத்தும் பொத்தானோ அடியில் சின்ன லீவரோ இருக்கும். மேல் லீவரைத் தள்ளிக் குழலைத் தூக்கினால் கையில் கட்டையும் ஆக்‌ஷனும் மட்டும் மிஞ்சும்.

பாக்ஸ்லாக்கில் அடுத்தது ட்ரிகர் கார்டு, அதாவது விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையம். அதன் வாலில் உள்ள மரத்திருகை எடுத்துவிட்டு, கார்டையே சுற்ற வேண்டும், அதன் முன்பக்கமே ஒரு திருகுதான். சுற்றும்போது வால் மரத்தை உரசி வட்டமாக ஒரு கீறல் போட்டுவிடும். ஒவ்வொரு சுற்றிலும் வாலைக் கொஞ்சம் தூக்கிக் கடத்துவதைப் பாருங்கள், மேஸ்திரியின் கை அனுபவம் தெரியும் இடம் அது. அப்புறம் ஆக்‌ஷனையும் விசைத் தகட்டையும் மரத்தின் ஊடாகச் சேர்த்துப் பிடிக்கும் நீளத் திருகுகள். ஒன்று மேல் லீவரை ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால்தான் கண்ணில் படும். இன்னொன்று பின்னால், மரத்தின் மேல் நீளும் இரும்புப் பெட்டியின் வால் பக்கம். விசைத் தகடு கீழே இறங்கியதும் கட்டை நேராகப் பின்னால் வரும்.

சைட்லாக் என்றால் கட்டையைக் கழற்றுவதற்கு முன் பக்கத் தகடுகள் இரண்டும் வெளியே வந்தாக வேண்டும். குதிரை தளர்ந்திருக்கட்டும். குறுக்குத் திருகைப் பாதி தளர்த்தி, அதன் தலையில் மரப்பிடியால் மெல்லத் தட்டினால் எதிர்ப்பக்கத் தகடு எழும்பும். தகட்டு விளிம்பில் திருப்புளியை நுழைத்து நெம்பினால் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்துவிடும்.

"சாதாரணத் திருப்புளி போதாதா? எல்லாம் ஸ்க்ரூதானே?"

பழைய துப்பாக்கித் திருகின் வெட்டு தலைமுடி மாதிரி மெல்லிசு. கடைத் திருப்புளியின் முனை ஆப்பு வடிவத்தில் இருப்பதால் வெட்டின் அடிவரை போகாது, மேல் விளிம்பில் மட்டும் பிடித்து வழுக்கும். ஒரு வழுக்கலில் திருகுத் தலையும் கெடும், பக்கத்தில் உள்ள சித்திரவேலையும் கெடும். எங்கள் மேஸ்திரி ஒவ்வொரு திருகுக்கும் முனையை உரைத்துப் பொருத்திக்கொள்வார். பெட்டியில் 30க்கு மேல் திருப்புளி இருக்கிறது.

திருகுகளை ஒரே கிண்ணத்தில் போடக்கூடாது. அட்டையில் துப்பாக்கிப் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். ஒவ்வொரு திருகும் அதன் துளைக்கென்று செய்தது. நல்ல இங்கிலீஷ் வேலையில் முழுதும் இறுகியதும் வெட்டுக் கோடுகள் எல்லாம் குழலின் திசையிலேயே நிற்கும். வாங்கும்போதே கோடு கோணலாக நின்றால் முன்பு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"ஒரு திருகு அசையவே மாட்டேங்குது."

ஊடுருவும் எண்ணெய் ஒரு சொட்டு, பிறகு 2 நாள் பொறுமை. அப்புறம் சால்டரிங் அயர்ன் முனையைத் திருகுத் தலையில் மட்டும் வைத்துச் சூடாக்கி ஆறவிடுவோம். கழற்றுவதற்கு முன் இம்மியளவு இறுக்கும் பக்கம் திருப்பினால் துருப் பிடி விடும். இதற்கும் மசியாத திருகை மேஸ்திரி துளையிட்டு எடுத்துப் புதிதாகக் கடைந்து போடுவார். அது மரக்காரன் வேலை இல்லை, நான் தொடமாட்டேன்.

"எல்லாத் திருகும் எடுத்தாச்சு, கட்டை வரமாட்டேங்குது. தட்டலாமா?"

முதலில் ஒரு திருகு மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். சில துப்பாக்கியில், குறிப்பாக மேல் கீழாகக் குழல் உள்ளதில், கட்டையின் பின்முனையில் உள்ள அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே நீளமான ஒரு போல்ட் கட்டை வழியாகப் போகும். இல்லையென்றால் எண்ணெயில் ஊறி உப்பிய மரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கையால் நேராகப் பின்பக்கம் தட்டுங்கள். இடம் வலமாக ஆட்டினால் ஆக்‌ஷனைக் கவ்வியிருக்கும் மெல்லிய மரக்காதுகள் ஒடியும்.

"கழட்டிப் பார்த்தா உள்பக்க மரம் கறுப்பா இருக்கு. நகம் வெச்சா அமுங்குது. கட்டை போச்சா?"

போகவில்லை, ஆனால் சரியான நேரத்தில் பார்த்தீர்கள். ஆக்‌ஷனில் தாராளமாக எண்ணெய் விட்டு, துப்பாக்கியைக் குழல் மேலே பார்க்க நிறுத்திவைத்தால், அந்த எண்ணெய் வருஷக்கணக்காக மரத்துக்குள் இறங்கும். இறங்கிய இடம் மிருதுவாகி, ஒவ்வொரு வெடியின் உதைப்பிலும் நசுங்கும். பிறகு வெடிக்கும். எண்ணெய் விட்ட கையோடு ஓரிரு நாள் குழல் கீழே பார்க்க வைப்பதே இதற்கான காப்பு.

எண்ணெயை வெளியே இழுக்க பெயின்ட் கடையில் கிடைக்கும் சாக் பவுடரை அசிட்டோனில் இட்லி மாவுப் பதத்துக்குக் குழைத்து, கறுத்த இடத்தில் விரல் பருமனுக்கு அப்புங்கள். காயக் காய வெள்ளை மாவு மஞ்சளாகி, காப்பிப் பொடி நிறத்துக்கு வரும். உதிர்த்துவிட்டு மறுபடி அப்புங்கள். கடைசியாக வந்த ஒரு எஸ்டேட் துப்பாக்கிக்கு 9 தடவை போட்டேன், ஒன்பதாவது தடவைதான் மாவு வெள்ளையாகவே நின்றது. அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். மொட்டைமாடியிலோ திறந்த வராந்தாவிலோ செய்யுங்கள். சமையலறை வேண்டாம், பூஜை விளக்கு எரியும் அறையும் வேண்டாம்.

"காஸ்டிக் சோடா போட்டா ஒரே நிமிஷத்துல எல்லாம் உரிஞ்சிடுதே, வீடியோல பார்த்தேன்."

உரியும். கூடவே மரத்தின் மேல் நாரும் வெந்துபோகும். அக்ரூட் மரம் கன்றிக் கறுக்கும், பழைய பசை இளகும். அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரேயும் அதே காரம்தான். அரக்குக்கு ஸ்பிரிட், வார்னிஷுக்கு ரிமூவர். அதற்கு மேல் எந்த மருந்தும் வேண்டாம்.

"உப்புத்தாள் எந்த நம்பர்ல ஆரம்பிக்கணும்?"

உப்புத்தாள் வேண்டுமா என்பதே முதல் கேள்வி. கட்டை செய்தவர் மரத்தையும் இரும்பையும் சேர்த்து இழைத்து முடித்திருக்கிறார். இரும்பின் விளிம்பைவிட மரம் ஒரு மயிரிழை உயரமாக நிற்கும். அந்த மயிரிழையைத் தேய்த்துவிட்டால் திரும்ப வராது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், வெப்லி என்ற இங்கிலீஷ் கம்பெனித் துப்பாக்கியின் கட்டையை இரும்பு இல்லாமல் தனியாகப் பிடித்து, வெறும் விரலால் 120ஆம் நம்பர் தாள் போட்டுத் தேய்த்தேன். வழவழவென்று வந்தது. திரும்ப மாட்டியபோது ஆக்‌ஷனின் விளிம்பு தட்டில் வைத்த கிண்ணம் மாதிரி சுற்றிலும் எழும்பி நின்றது. விரலை ஓட்டினால் இடறும். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் விரலை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிப்போனார். இன்றைக்கும் அந்த விரல் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன். மரம் சொரசொரப்பாக இருந்தால் மட்டும் 320, பிறகு 400. தாளுக்குப் பின்னால் தக்கையோ தட்டையான ரப்பர் துண்டோ இருக்க வேண்டும். ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். அடித்தகட்டை மாட்டியபடியே அந்த முனையைத் தேயுங்கள். இரும்பு உட்காரும் விளிம்புக்குக் கால் அங்குலம் முன்னாலேயே கையை நிறுத்துங்கள். கன்னம் வைக்கும் மேல்வரம்பை அறவே தொடாதீர்கள், குறி பார்க்கும் உயரமே அங்கேதான் இருக்கிறது.

"அங்கங்க அமுங்கின தழும்பு இருக்கே, தேய்க்காம எப்படி எடுக்கிறது?"

ஈரத்துணியை நாலாக மடித்துத் தழும்பின் மேல் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டி முனையால் 3, 4 விநாடி அழுத்துங்கள். நசுங்கிய நார் நீராவியில் உப்பி எழும்பும். இரண்டு மூன்று தடவையில் பெரும்பாலான தழும்பு மறையும். நார் அறுந்துபோன வெட்டு எழும்பாது, அது இருக்கட்டும். மெருகை எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. அரக்கு இருக்கும்போது செய்தால் வெள்ளை பூத்துவிடும்.

"கைப்பிடில கட்டம் கட்டமா வெட்டியிருக்கே, அதுல அழுக்கு அடைஞ்சு போச்சு."

டர்பன்டைனும் பழைய பல் துலக்கும் பிரஷும். எண்ணெய் மெருகு போடும்போது அந்த இடத்துக்கு ஒரே பூச்சு, உடனே பிரஷால் துடைத்து எடுத்துவிட வேண்டும். தேங்கினால் பிசினாக உறைந்து கட்டமே மூடிப்போகும். தேய்ந்த கோட்டைத் திரும்ப வெட்டுவது தனிக் கலை. அங்குலத்துக்கு 20க்கு மேல் கோடு, ஒன்று தவறினால் எல்லாம் தவறும். முதல் கட்டையிலேயே அதைப் பழகாதீர்கள்.

"எந்த எண்ணெய் நல்லது? வீட்டுல தேங்காய் எண்ணெய் தடவினாலே மின்னுதே."

மின்னும், ஒரு வாரம். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ எத்தனை நாள் ஆனாலும் மரத்தின் மேல் கெட்டிப்படாது. பிசுக்காக நின்று தூசியை இழுத்துச் சிக்கு வாடை அடிக்கும். மெருகுக்கு வேண்டியது காற்றைக் குடித்து இறுகும் எண்ணெய். ஆளி விதை எண்ணெய், பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்பது, அப்படி இறுகும். பச்சை எண்ணெய் ஒரு பூச்சு காய நாள்கணக்கில் ஆகும். டபுள் பாயில்டு என்று விற்பதில் உலர்த்தும் மருந்து சேர்த்திருப்பார்கள், சீக்கிரம் காயும்.

முதல் இரண்டு பூச்சில் எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து, மரம் குடிக்கும் மட்டும் குடிக்கவிட்டு மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்றாவதில் எண்ணெய் தொட்ட 600ஆம் நம்பர் வாட்டர் பேப்பரால் ரேகைப் போக்கில் மெல்லச் சுற்றினால் வரும் மரக்குழம்பு, துளைகளை அடைக்கும். அதை அப்படியே காயவிடுங்கள். அப்புறம் தினம் ஒரு பூச்சு. நெற்றிப் பொட்டு அளவு எண்ணெயை உள்ளங்கையில் எடுத்து, கை சுடும்வரை தேய்க்க வேண்டும். அதிகம் விட்டால் ஒட்டும், குறைவாக விட்டதால் கெட்ட கட்டையை நான் பார்த்ததில்லை. 12 முதல் 20 பூச்சு வரை போகும். இரும்பு உட்காரும் குழியில் மெல்லிசாக ஒரு பூச்சு மட்டும். அங்கே தடித்தால் இரும்பு இறங்காது. அடித்தகட்டுக்குள் இருக்கும் வெட்டுமுனையில் மட்டும் குடிக்கக் குடிக்கக் கொடுங்கள்.

எண்ணெய் துடைத்த பனியன் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இறுகும்போது அந்த எண்ணெய் சூட்டைக் கக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துப் போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் அமுக்குங்கள்.

"பி.யு., மெலமைன் எல்லாம் ஃபர்னிச்சர்ல சூப்பரா இருக்கே?"

டைனிங் டேபிளுக்கு நல்லது. துப்பாக்கிக் கட்டையில் அது மேலே போர்த்திய கண்ணாடித்தாள். ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது, முழுவதும் உரிக்க வேண்டும். எண்ணெய் மெருகில் கீறல் விழுந்தால் ஒரு பொட்டு எண்ணெய் போதும்.

"இங்கிலீஷ் துப்பாக்கில ஒரு சிவப்பு ஓடுமே, அது என்ன ஸ்டெயினர்?"

ஸ்டெயினர் இல்லை, வேர். அல்கனெட் வேரை ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்துச் சிவப்பெண்ணெய் எடுப்பார்கள். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் ரத்தன்ஜோத் என்று கேளுங்கள். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் பாட்டி வேம்பாளம்பட்டை போடுவாரே, அதே மாதிரி சிவப்பு இறங்கும். 100 மில்லி எண்ணெய்க்கு ஒரு கைப்பிடி, ஒரு வாரம் மூடிவைத்து வடிகட்டுங்கள். முதல் இரண்டு பூச்சுக்கு மட்டும் இது. கறுப்பு ரேகைக்கு நடுவே தேன் நிறம் எழும்பிவருவதைப் பார்க்கக் கண் இரண்டு போதாது.

"என்னோடது அக்ரூட் இல்ல, ஈட்டின்னு சொல்றாங்க. 10 நாளாச்சு, எண்ணெய் ஒட்டிக்கிட்டே இருக்கு."

உடைந்த கட்டைக்குப் பதில் நம் ஆசாரிகள் ஈட்டி மரத்தில் (ரோஸ்வுட்) செய்து மாட்டிய துப்பாக்கிகள் ஏராளம். ஈட்டிக்குள் இயற்கையாகவே இருக்கும் சத்து எண்ணெயை இறுகவிடாது. டர்பன்டைனால் ஒட்டுவதையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாக இரண்டு கை அடியுங்கள். ஈட்டிக்கு மட்டும் முழுக்க முழுக்க பிரெஞ்சு பாலிஷ் போடுவதே என் வழக்கம்.

"ஜூலைல ஆரம்பிச்சா ஆயுத பூஜைக்குள்ள முடிஞ்சிடுமா?"

மழைக்காலத்து பெங்களூரில் பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் என்பது 3 நாளாகும். அவசரமில்லை என்றால் பிப்ரவரி, மார்ச் பாருங்கள். வெயிலில் வைத்துக் காயவைக்க வேண்டாம், கட்டை முறுக்கிக்கொள்ளும். நிழலில், கயிற்றில் தொங்கட்டும்.

"பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கலாமா?"

வையுங்கள், இரும்பில் வேண்டாம், மரத்திலும் நேராக வேண்டாம். ஈரச் சந்தனம் அரக்கு மெருகில் வெள்ளை வட்டம் போடும், குங்குமத்தின் சிவப்பு கைப்பிடிக் கட்டங்களுக்குள் இறங்கினால் வராது. தோல் வாரிலோ, துப்பாக்கியில் கட்டிய துணியிலோ பொட்டு வைக்கலாம். குடகில் ஆயுதங்களுக்குப் பூஜை செய்யும் கைல்போள்து திருவிழா அன்றைக்கு துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூ வைப்பார்கள். பூ ஒன்றும் செய்யாது.

"கட்டை ஜொலிக்குது, இரும்பு மங்கலா இருக்கு. அதையும் பாலிஷ் போட்டா?"

தயவுசெய்து வேண்டாம். ஆக்‌ஷனில் நீலமும் பழுப்புமாக மேகம் மாதிரி தெரிவது அழுக்கு இல்லை. எலும்புக் கரியில் சுட்டுக் கடினப்படுத்தியபோது ஏறிய நிறம், பஃபிங் சக்கரத்தில் ஒரு நிமிஷத்தில் போய்விடும். குழலில் பாம்புத்தோல் மாதிரி வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அதில் இன்றைய தோட்டாவைப் போட்டு வெடிக்கக்கூடாது. மேஸ்திரி சோதனை முத்திரையைப் பார்த்துச் சொல்லட்டும்.

"ஆக்‌ஷன் வாலுக்குப் பின்னாடி மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. பாலிஷ்ல மறைஞ்சிடுமா?"

மறையும், அதுதான் ஆபத்து. வாலின் பின்முனை மரத்தை முட்டிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு உதைப்பும் அங்கே ஆப்பு அடிக்கிறது. முன்பு சொன்ன சாக் பவுடர் வைத்தியத்தால் எண்ணெயை எடுத்த பிறகுதான் பசை பிடிக்கும். வெடிப்பை மெல்லத் திறந்து எப்பாக்ஸி விட்டு இறுக்கி, காய்ந்ததும் வாலுக்குப் பின்னால் ஒரு காகிதக் கனத்துக்கு இடைவெளி விட்டு மரத்தைச் செதுக்குவோம். இது முடியாமல் துப்பாக்கியை வெடிக்காதீர்கள்.

"தாத்தா பேனாக்கத்தியால தன் பேரை வெட்டியிருக்கார். அசிங்கமா இருக்கு, எடுத்திடலாமா?"

எடுக்க வேண்டுமானால் அந்தப் பக்கம் முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும், கட்டையின் வடிவே போய்விடும். நான் செய்யமாட்டேன் என்று சொல்லி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்துக்குள் அடைந்த அழுக்கை ஈர்க்குச்சியால் எடுத்துவிட்டு, மற்ற இடத்துக்குப் போடும் எண்ணெயையே அதற்கும் போடுங்கள். பக்கத்து மரமும் எழுத்தும் ஒரே நிறத்துக்கு வந்ததும் கண்ணை உறுத்தாது.

"மாட்டியாச்சு. எல்லாம் சரியா உட்கார்ந்திருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?"

மாட்டுவதும் மேஸ்திரி வேலைதான். கடைசி பூச்சுக்குப் பிறகு 2 வாரமாவது காயவிட்டுக் கட்டையைக் கொண்டுவாருங்கள். திருகுகள் பலவந்தம் இல்லாமல் பழைய கோட்டிலேயே வந்து நிற்க வேண்டும். நிற்காமல் முன்னாலேயே இறுகினால் குழிக்குள் மெருகு தடித்திருக்கிறது, எடுத்துச் சுரண்ட வேண்டும்.

பிறகு உங்கள் முன்னாலேயே ஸ்நாப் கேப் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சேஃப்டி போட்ட நிலையில் விசை இரண்டும் அசைந்தாலும் குதிரை விழக்கூடாது. சேஃப்டியை எடுத்ததும் முன் விசைக்கு வலது குழல், பின் விசைக்கு இடது குழல் என்று தனித்தனியாக விழ வேண்டும். ஒன்றை இழுக்கும்போது மற்றது கூடவே விழக்கூடாது. கட்டையின் அடியை ரப்பர் பாயில் தட்டினாலும் விழக்கூடாது. பழைய கட்டை உப்பியிருந்து இப்போது சரியாக உட்கார்ந்திருப்பதால் விசைக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி மாறியிருக்கலாம். இதில் எது தவறினாலும் அன்றைக்குத் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், கடையிலேயே இருக்கட்டும்.